கல் பொறுக்கியவர்களின் தீவு: மொரீஷியஸில் தனியாக ஒரு நாள்!

மொரீஷியஸ் என்று மொபைலில் தட்டிப் பாருங்கள். முதலில் வருவது கடல்தான். கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர், வெள்ளை மணல், கைகோத்து நிற்கும் தேனிலவு ஜோடி. நான் சொல்லப்போவது அந்த மொரீஷியஸ் அல்ல. ஜோடி இல்லாமல், டூர் கைடு இல்லாமல், தோளில் ஒரு பையோடு பஸ்ஸிலும் மெட்ரோவிலும் ஒரே நாளில் நான் சுற்றிய மொரீஷியஸ். அங்கே கடலைவிட அதிகமாக என் கண்ணில் பட்டது கல். கறுப்புக் கல்.

எனக்குச் சொந்த ஊர் திருப்பூர். அப்பா ஓவர்லாக் டெய்லர், அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து மாதாமாதம் ஏலச்சீட்டு கட்டி, அந்தப் பணத்தில் எடுத்த டிக்கெட் இது. தங்க நாணயம் வாங்காமல் விமான டிக்கெட் வாங்கியது எங்கள் சொந்தத்தில் அநேகமாக நான்தான் முதல் ஆள்.

"ஏங்கண்ணு, ஒத்தையில போயி அங்க என்னத்தப் பாக்கப்போற?"

"எரிமலைம்மா."

"இப்ப எரியுதா?"

"இல்லம்மா, அது அணைஞ்சு ரொம்ப நாளாச்சு."

"அணைஞ்சதப் பாக்கறதுக்கா இத்தன காசு?"

அம்மாவின் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அப்பா எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "நேரத்துக்குச் சாப்புடு சாமி" என்றார்.

மும்பையில் இருந்து விமானத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல். நம் ஊரைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும் கடிகாரம். சுற்றுலாவுக்குப் போகும் இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் விவரம் கையில் இருக்க வேண்டும். நான் தங்கியது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள மஹேபூர் என்ற சின்ன ஊரில். மூன்று நாள்களில் இரண்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். மீதி ஒரு நாளின் கதைதான் இது.

கரும்புக் காட்டில் கறுப்புக் கோபுரம்

காலை ஏழு மணிக்கு மஹேபூரில் க்யூர்பீப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர், டிக்கெட், ஜன்னல் சீட்டுக்குப் போட்டி... எல்லாம் நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரியேதான். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்பு. ஆகஸ்ட் மாதம் அங்கே குளிர்காலம், அதுதான் கரும்பு வெட்டும் காலமும். வெட்டி முடித்த காடுகள் மொட்டையாகக் கிடந்தன.

அந்த மொட்டைக் காடுகளின் நடுவேதான் அவற்றைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு, சில இடங்களில் வீட்டு உயரத்துக்கு, கறுப்புக் கற்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். சில குவியல்கள் ஏனோதானோவென்று கொட்டியவை. சில, படிக்கட்டு வைத்தது மாதிரி அடுக்கடுக்காகக் கட்டியவை. கோயில் கோபுரத்தில் பாதியை அறுத்துக் கொண்டுவந்து கரும்புக்குள் வைத்ததுபோல.

பக்கத்து சீட்டில் இருந்த பெரியவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். "அதுவா? நிலத்தில் இருந்து பொறுக்கியது" என்றார். யார் பொறுக்கியது என்றேன். அவர் தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். "என் தாத்தாவுக்குத் தாத்தா."

மொரீஷியஸ் முழுக்க முழுக்க எரிமலை கட்டிய தீவு. சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் இருந்து எழுந்து வந்த நெருப்புக் குழம்பு, ஆறிக் கல்லாகி, அதன்மேல் மறுபடி வழிந்து, மறுபடி ஆறி உருவானது. அந்தக் கல் உடைந்து மண்ணானால் கரும்புக்கு அருமையான மண். ஆனால், முழுசாக உடையாத கற்கள் நிலமெங்கும் கிடந்தன. ஏர் ஓட வேண்டுமானால் ஒவ்வொன்றையும் யாராவது குனிந்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்து ஒப்பந்தம் போட்டுக் கூட்டிவரப்பட்ட கூலிகள்.

அதன்பிறகு ஜன்னலுக்கு வெளியே வந்த ஒவ்வொரு குவியலையும் எண்ண ஆரம்பித்தேன். நாற்பதோடு விட்டுவிட்டேன்.

ஊசியும் துணியும்

க்யூர்பீப் தீவின் நடுவே உள்ள மேட்டு ஊர். ஸ்வெட்டர் இல்லாமல் வந்தால் பல் தந்தியடிக்கும். பஸ் ஸ்டாண்டில் இருந்து ஏற்றத்தில் அரை மணி நேரம் நடந்தால் 'ட்ரூ ஓ செர்'. பிரெஞ்சில் 'மான் குழி' என்று அர்த்தம். 1639-ல் டச்சுக்காரர்கள் ஜாவாவில் இருந்து கொண்டுவந்து விட்ட மான்கள் தீவில் பெருகின. அந்த மான்களின் பெயர்தான் எரிமலை வாய்க்கு நிலைத்துவிட்டது.

கடல் மட்டத்தில் இருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் ஒரு வட்டக் கிண்ணம். விட்டம் கிட்டத்தட்ட 300 மீட்டர், ஆழம் 80 மீட்டர். நெருப்பு வந்த இடத்தில் இப்போது அடர்ந்த காடு, அடியில் கொஞ்சம் தண்ணீர். விளிம்பைச் சுற்றித் தார் ரோடு. அதில் வாக்கிங் போகும் மாமாக்கள், காதில் ஹெட்போனோடு ஓடும் பெண்கள், தெர்மாஸில் டீ கொண்டுவந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பம். எரிமலை வாயில் இவ்வளவு நிம்மதியாக உட்கார முடியும் என்று சொன்னால் அம்மா நம்ப மாட்டார். வீடியோ கால் போட்டுக் காட்டினேன். "நம்ம ஊரு குட்டையாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு, "சாப்டியா?" என்றார்.

அந்த விளிம்பில் உட்கார்ந்து, இந்தத் தீவு எப்படிப் பிறந்தது என்று மொபைலில் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அப்பாவின் தையல் மெஷின்தான்.

தையல் மெஷினில் ஊசி அதே இடத்தில் நின்றுகொண்டு மேலும் கீழும் இறங்கும். நகர்வது துணி. அதனால்தான் வரிசையாகத் தையல் விழுகிறது. பூமிக்குள்ளும் அப்படி ஓர் ஊசி இருக்கிறது. அடியாழத்தில் இருந்து வெப்பம் மேலே வரும் ஒரு புள்ளி. அதற்கு மேலே, நாம் நிற்கும் நிலத்தட்டு மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நகர நகர, புள்ளி துளைத்த இடமெல்லாம் எரிமலை.

விஞ்ஞானிகள் சொல்லும் கணக்குப்படி, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஊசிக்கு மேலே இருந்தது நம் இந்தியா. அப்போது வழிந்த குழம்புதான் மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம் வரை பரந்து கிடக்கும் தக்காணத்தின் கறுப்புப் பாறை. பிறகு லட்சத்தீவு, மாலத்தீவின் அடிப்பாறைகள். பிறகு மொரீஷியஸ். இப்போது அந்த ஊசி நிற்பது, அங்கிருந்து 200 கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் ரீயூனியன் தீவுக்கு அடியில். அங்கே எரிமலை இன்றும் அடிக்கடி நெருப்பைக் கக்குகிறது.

தக்காணத்துப் பாறை உடைந்துதான் மகாராஷ்டிரா, குஜராத் பக்கத்துக் கரிசல் மண். அந்தக் கரிசலில் விளைவது பருத்தி. அந்தப் பருத்திதான் லாரி ஏறி வந்து நம் கொங்குப் பகுதி மில்களில் நூலாகிறது. அந்த நூல்தான் திருப்பூரில் பனியனாகிறது. அப்படிப் பார்த்தால், எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதற்கும் இந்த அணைந்த எரிமலைக்கும் ஏதோ ஒரு நூல் தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. "அணைஞ்சதப் பாக்கறதுக்கா இத்தன காசு?" என்ற கேள்விக்கு ஒருவழியாக ஒரு பதில் கிடைத்தது.

உலகத்தில் ஒரே ஒரு மரம்

க்யூர்பீப்பில் ஒரு தாவரவியல் பூங்கா இருக்கிறது. அங்கே ஒரு பாக்குமர வகை நிற்கிறது. பெயர் ஹையோஃபோர்பே அமரிகாலிஸ். சுற்றிலும் வேலி. பார்ப்பதற்கு விசேஷமாக ஒன்றும் இல்லை. ஒல்லியான, வயசான மரம். ஆனால், அந்த இனத்தில் உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான் என்கிறார்கள். அதன் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு நேரத்தில் மலர்வதால், தன்னைத்தானே சூல்கொள்வதும் கஷ்டம். மற்ற நிலங்களில் இருந்து துண்டாகக் கிடக்கும் எரிமலைத் தீவுகளில் இப்படித்தான். வேறெங்கும் இல்லாத உயிர்கள் உருவாகும். மனிதன் கால் வைத்ததும் வேகமாக அழியும். டோடோ பறவை அழிந்ததும் இதே தீவில்தான்.

தனியாக ஊர் சுற்ற வந்த எனக்கு அந்த மரத்தின் முன்னால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. என் தனிமைக்கு மாலை விமானத்தில் முடிவு உண்டு.

பூங்காவில் இருந்து திரும்பும்போது, ஒரு கடை வாசலில் ஸ்வெட்டர்கள் தொங்கின. பனியன் ஊர்க்காரிக்குக் கை சும்மா இருக்குமா? தைத்த ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். சுத்தமான வேலை. மொரீஷியஸும் பின்னலாடை ஊர்தான் என்பது அநேகம் பேருக்குத் தெரியாது. கரும்பை மட்டும் நம்பியிருந்த நாடு, 1970-ல் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்காகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. கம்பளி ஸ்வெட்டர் ஏற்றுமதியில் உலகின் முக்கியமான நாடுகளில் ஒன்றாக வளர்ந்தது. மெஷினில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பல குடும்பங்களில் சம்பளம் என்று வாங்கிய முதல் பெண் தலைமுறை அது. 2004 முடிவில் உலக ஜவுளி வர்த்தகத்தில் கோட்டா முறை ஒழிந்தபோது அங்கே பல கம்பெனிகள் மூடப்பட்டன. மிச்சம் இருப்பவற்றில் இப்போது வங்கதேசம், இந்தியா, மடகாஸ்கரில் இருந்து வந்தவர்களும் வேலை பார்க்கிறார்கள்.

கல் பொறுக்க வந்தவர்களின் பேத்திகள் ஸ்வெட்டர் தைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த மெஷினில் உட்கார மறுபடி யாரோ கடல் தாண்டி வருகிறார்கள்.

கொத்தமல்லிக்கு அங்கேயும் அதே பேர்

க்யூர்பீப்பில் இருந்து தலைநகர் போர்ட் லூயிஸுக்கு மெட்ரோவில் போனேன். இந்திய நிதியுதவியோடு நம் லார்சன் அண்ட் டூப்ரோ கட்டிய பாதை. 2022-ல் க்யூர்பீப் வரை நீண்டது. போகும் வழியில் ஒரு ஸ்டேஷனின் பெயர் 'கோரமண்டல்'. நம் சோழமண்டலக் கரைக்கு ஐரோப்பியர்கள் வைத்த அதே பெயர். போர்டைப் பார்த்ததும் இறங்கிவிடலாமா என்று இருந்தது.

போர்ட் லூயிஸ் மத்திய மார்க்கெட்டில் மதியச் சாப்பாடு. தோல் பூரி என்று மெத்தென்ற ஒரு பருப்பு ரொட்டி. உள்ளே கறி வைத்துச் சுருட்டித் தருகிறார்கள். கூடவே 'காத்தோ பிமா' என்று ஒன்று. கடித்துப் பார்த்தால் நம்ம பருப்பு வடையின் தங்கச்சி!

சாப்பிட்டுவிட்டுக் காய்கறிப் பக்கம் போனேன். கீரை விற்ற அம்மாவின் நெற்றியில் பொட்டு. நான் தமிழில் பேச ஆரம்பித்ததும் கையை விரித்தார். "மோ பா கோஸ் தமுல்." கிரியோல் மொழியில், எனக்குத் தமிழ் பேச வராது என்று அர்த்தம். வீட்டில் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்களாம். அன்றைக்கு அந்த நாட்டில் அரசு விடுமுறை. கோயில் பாட்டு தெரியும், பேசத் தெரியாது.

சரி என்று ஒரு கட்டுக் கீரையைத் தொட்டு, இதற்கு என்ன பெயர் என்று சைகையில் கேட்டேன். "கொத்தொமிலி" என்றார். பக்கத்துக் கட்டைக் காட்டினேன். "காரிப்புலே". கறிவேப்பிலை! இன்னொன்று. "ப்ரேத் முரும்". முருங்கைக் கீரை! ரசத்தை அவர்கள் 'ரசோன்' என்கிறார்கள். வாக்கியம் போய்விட்டது, இலக்கணம் போய்விட்டது. சமையலறைக்குத் தேவைப்பட்ட சொற்கள் மட்டும் அம்மாவிடம் இருந்து மகளுக்கு என்று கைமாறி இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

காசு கொடுக்கும்போது நோட்டைப் பார்த்தேன். மொரீஷியஸ் நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழில் தொகை எழுதியிருக்கும். நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் முகமே ஒரு தமிழர்தான்; ரங்கநாதன் சீனிவாசன் என்ற வழக்கறிஞர், சுதந்திரத்துக்கு முன் அங்கே அமைச்சராக இருந்தவர். 1998-ல் வந்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது, தமிழ் வம்சாவளியினர் கொதித்துப்போனார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தது. பேச வராத மொழிக்காக அவ்வளவு போராட்டம்.

நான் வேண்டாம் என்றும் கேட்காமல், அந்த அம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போட்டார். சும்மா, கொசுறு. நம்ம ஊர் வழக்கம் அது!

ஒரு நாள் லீவுக்கு இரண்டு நாள் சம்பளம்

மார்க்கெட்டில் இருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கடலோரத்தில் ஆப்ரவாசி காட். புலம்பெயர்ந்தோர் படித்துறை. 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். அங்கேயும் அதே கறுப்பு எரிமலைக் கல். கல்லில் கட்டிய சில படிகள், சில அறைகள், சமையற்கட்டு, கழிவறையின் மிச்சம். இவ்வளவுதான். பத்து நிமிடத்தில் சுற்றிவிடலாம். நான் ஒன்றரை மணி நேரம் இருந்தேன்.

அடிமை முறை ஒழியப்போகிறது, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். அப்போது பிரிட்டிஷ் அரசு செய்து பார்த்த பரிசோதனைதான் ஒப்பந்தக் கூலி. 1834 நவம்பர் 2-ம் தேதி 'அட்லஸ்' என்ற கப்பலில் 36 பேர் கல்கத்தாவில் இருந்து வந்து இறங்கினார்கள். அடுத்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் நாலரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்தார்கள். அதிகம் பேர் பீகார் பக்கத்தவர்கள். சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும் ஏராளம். இங்கே 'வெற்றி' பெற்ற முறையைத்தான் பிஜி, தென்னாப்பிரிக்கா, டிரினிடாட் என்று பிறகு உலகமெங்கும் கொண்டுபோனார்கள்.

வந்து இறங்கியதும் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். 1860-களில் இருந்து போட்டோ ஒட்டிய டிக்கெட். அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வெளியே நடமாடினால் போலீஸ் பிடிக்கும். ஆரம்பத்தில் ஆண்களுக்கு மாதச் சம்பளம் ஐந்து ரூபாய். அதிலும் ஒரு கொடுமை இருந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள்.

இதைப் படித்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவரை வாங்கி, பஸ்ஸிலேயே எண்ணிப் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். எனக்குக் காய்ச்சல் வந்து அம்மா லீவு போட்ட வாரத்தில் எங்கள் வீட்டுச் சந்தைப் பை எப்படி இளைத்துப்போகும் என்று தெரியும். அது ஒரு நாள் சம்பளம் போனதற்கே.

அந்த மக்களின் போட்டோக்கள் இன்றும் மோகா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் பாதுகாக்கப்படுகின்றன. தாத்தாவின் நம்பரை வைத்துத் தங்கள் பூர்வீக ஊரைத் தேடுகிறவர்கள் அங்கே வருகிறார்கள். அடக்குவதற்காக எடுத்த போட்டோ, ஐந்தாவது தலைமுறைக்குக் குடும்ப ஆல்பமாகிவிட்டது.

படியில் உட்கார்ந்திருந்தபோது கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் கல் சூடாக இருந்தது. ஐந்து மணிக்கு மேல் உட்காரவில்லை. அங்கே பஸ்கள் சீக்கிரமே நின்றுவிடும். தனியாகப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பர்வல்... பர்வல்!

ஊர் திரும்பிய மறுநாள் காலை, தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ் வரும் நேரத்தில் திருப்பூர் ரயில் நிலையத்தில் ஒரு செய்திக்காக நிற்க வேண்டியிருந்தது. ஜார்க்கண்டில் புறப்பட்டு ஒடிசா, ஆந்திரா வழியாக வரும் ரயில். முதுகில் பை, கையில் பிளாஸ்டிக் பக்கெட், பெயின்ட் டப்பாவுக்குள் திணித்த துணியோடு பையன்கள் இறங்கினார்கள். சிலருக்கு மீசையே முளைக்கவில்லை. ஒரு ஆள் பெயர் படித்துப் படித்து அவர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். கம்பெனி வேன்கள் வெளியே நின்றன.

இவர்கள் யாரும் ஐந்து வருட அடிமைச் சாசனத்தில் வரவில்லை. வேலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த ரயிலில் போகலாம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால், 'இந்திக்காரப் பசங்க' என்று ஒரே சொல்லில் நாம் முடித்துவிடும் கூட்டத்தில், ஒடியா பேசுகிறவன், சந்தாலி பேசுகிறவன், போஜ்புரி பேசுகிறவன் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? கழுத்தில் தொங்கும் ஐடி கார்டில் நம்பரும் போட்டோவும் தெளிவாக இருக்கின்றன. அவன் பெயரைச் சரியாக உச்சரிக்க எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் லைன் வீட்டில் கடைசி வீட்டுக்கு ஒடிசாவில் இருந்து ஒரு குடும்பம் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பெண் அம்மாவின் கம்பெனியிலேயே பிசிறு வெட்டுகிறாள். அம்மாவும் அவளும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொள்வார்கள். மொரீஷியஸ் கறிவேப்பிலைக் கதையை நான் சொல்லி முடித்ததும், அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கும் அவங்க ஊர்க் காய் இல்லாம கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து சந்தைக்குப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். தக்காளிக் கடைக்காரர், கோவைக்காயின் அண்ணன் மாதிரி பச்சையாக, கோடு போட்ட ஒரு காயைக் குவித்து வைத்துக் கூவிக்கொண்டிருந்தார்.

"பர்வல்... பர்வல்... கிலோ வாங்கிக்கங்க, பர்வல்!"

"இதுக்குத் தமிழ்ல என்னங்கண்ணா பேரு?" என்று கேட்டேன்.

"பர்வல்தானுங்க" என்றார் அவர். அம்மா கால் கிலோ வாங்கினார்.